வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

ஹந்தானை மலையிலே மாலை ஐந்து மணிக்கு மேல் மூடுபனி இறங்கத் தொடங்கினால், எதிர்வீட்டு விளக்குங்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்படிப்பட்ட ஒரு மாலைப்பொழுதில், 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில், எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் நண்பர் ஒருவர் மடிக்கணினி ஒன்றைக் குடைக்குள்ளே நெஞ்சோடு அணைத்தபடி வந்து சேர்ந்தார். பின்னால் அவருடைய மகளும் வந்தாள். நண்பர் கண்டி நகரில் ஒரு கடையிலே கணக்கெழுதுபவர். மகள் உயர்தர வகுப்பு மாணவி.

“மாஸ்டர், இது செத்துவிட்டதாம். இனிப் புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்று டவுனிலே சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு அடுத்த வருடம் பரீட்சை. வீட்டிலே இருக்கிற சங்கிலியை அடகு வைக்கலாமா என்று பார்க்கிறோம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது” என்றார்.

செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கணினியை மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அது மெல்லக் கண் விழித்தது. சற்று நேரம் முக்கி முனகிவிட்டு, விண்டோஸ் 10 பதிப்புக்குரிய ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவித்தலைத் திரையிலே காட்டியது. நடந்தது இவ்வளவுதான். விசைகள் வேலை செய்தன. திரை வேலை செய்தது. படக்கருவியும் வேலை செய்தது. கொரோனாக் காலத்திலே இணைய வகுப்புகளுக்காகப் பழையதாக வாங்கிய அந்தக் கணினிக்கு 4 ஜிகாபைட் நினைவகம் இருந்தது. அதற்கு மரணச் சான்றிதழ் எழுதியவர் அவசரப்பட்டுவிட்டார் என்பது தெளிவாயிற்று.

இந்தக் குழப்பம் இன்று பல குடும்பங்களில் இருப்பதனால், முதலில் அதனைச் சற்று விளக்கிவிடுகிறேன். நமது பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று கூறுகின்ற ஆதார மென்பொருள் இல்லாமல் எந்தக் கணினியும் இயங்காது. நம்மிற் பெரும்பாலோர் வீட்டில் அஃது விண்டோஸாகவே இருந்து வந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. ஓராண்டு நீட்டிப்புப் பெறும் வழியொன்றையும் மைக்ரோசொப்ட் நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அஃது ஒரு தவணையே தவிரத் தீர்வன்று. ஆதரவு முடிந்தமையால் கணினி நின்றுவிடப் போவதில்லை. ஓட்டு வீட்டிலே ஓடு உடைந்தால் மாற்றித் தந்த மேசன் இனி வரமாட்டார் என்பதே பொருள். மழை பெய்யாத வரையில் குறை தெரியாது. இணையமோ மழை ஓயாத ஊர்.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்று கேட்பீர்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையாயின் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். நண்பரின் கணினி அதற்கு முந்தியது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே டொலரின் விலை இருநூறு ரூபாவளவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டிப் போனதை நாம் மறந்துவிடவில்லை. அதன் பின்னர் புதுக் கணினி என்பது சம்பளக்காரர் வீட்டிலே நகையைத் தொடாமல் வாங்கக்கூடிய பொருளாக இல்லை.

“அண்ணே, சங்கிலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். லினக்ஸ் போட்டுப் பார்ப்போம்” என்றேன்.

1991ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்திலே பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் எழுதிய ஒரு சிறு ஆதார நிரலை உலகுக்கு அறிவித்தார். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய ‘குனூ’ என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்தன. எவரும் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமையோடு அது வளர்ந்தது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி வைத்திருப்போர் யாவரும் தம்மை அறியாமலே லினக்ஸ் கருவைச் சட்டைப்பையில் சுமக்கின்றார்கள். உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகள் யாவும் 2017 முதல் அதிலேயே இயங்குகின்றன.

இவ்வளவும் சொன்னவுடன் மாணவி கேட்டாள்: “அப்படியானால் ஒரே ஒரு லினக்ஸ் இருந்தால் போதாதா சேர்? நான் தேடிப் பார்த்தபோது நூற்றுக்கணக்கில் வந்ததே!”

நல்ல கேள்வி. அரிசி மா ஒன்றுதான். ஆனால் அதிலே இடியப்பமும் அவிக்கலாம், பிட்டும் அவிக்கலாம், அப்பமும் சுடலாம். லினக்ஸ் கரு என்பது மாவைப் போன்றது. அதனோடு திரைத் தோற்றம், எழுதும் கருவி, இணைய உலாவி முதலியவற்றைச் சேர்த்து, நேரே பரிமாறும் நிலையில் தருவதை ‘வழங்கல்’ என்பர். 1993இல் டெபியன் வந்தது. அதன் வழியில் 2004இல் உபுண்டு வந்தது. உபுண்டுவின் மீது 2006இல் லினக்ஸ் மின்ட் எழுந்தது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, விண்டோஸ் பழகியவரை மனத்தில் வைத்து, அயர்லாந்துச் சகோதரர் இருவர் சோரின் என்பதைச் செய்தனர். பெடோரா என்பது வேறொரு கிளை. பாகங்களை நாமே ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய ஆர்ச் போன்றவையும் உண்டு. அவை கற்றுத் தேர்ந்தவர்க்கு உரியவை.

“இன்னொன்று சேர். நமது மலையின் பெயரிலேயே ஒன்று இருக்கிறதாமே? அதையே போட்டால் என்ன?”

அவள் சொன்னது உண்மை. இலங்கை இளைஞர்கள் பெடோராவை அடிப்படையாகக் கொண்டு 2009ஆம் ஆண்டிலே ஒரு வழங்கலைச் செய்து, அதற்கு ‘ஹந்தானை லினக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். சிங்களத்திலும் தமிழிலும் எழுத வசதி செய்து, இணைய வசதி குறைந்த வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் உதவுமாறு ஏராளமான மென்பொருள்களை ஒரே டிவிடியில் அடக்கித் தந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் தெரிகின்ற மலையின் பெயர் உலகத்து வழங்கல்களின் பட்டியலில் இடம்பெற்றதைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. எனினும் ஆசிரியன் என்ற முறையிலே மாணவிக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியவனானேன். பெடோரா ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பை வெளியிடும்; ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் பதின்மூன்று மாதங்களே ஆதரவு கிடைக்கும். அதன்மீது கட்டிய எதுவும் அந்த வேகத்திலேயே ஓட வேண்டும். ஆகவே எந்த வழங்கலானாலும், பெயரைப் பார்க்குமுன் திகதியைப் பார்க்க வேண்டும். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும்? இதற்கு விடை தெளிவாக இல்லாத வழங்கலைப் புதியவர் தொடக்கூடாது. விண்டோஸ் 10ஐ விட்டு நாம் புறப்படுவதே திருத்தம் வருவது நின்றதனால்தானே! உடைந்த ஓட்டை விட்டு உடையப் போகும் ஓட்டுக்குள் புகுவானேன்?

எனவே முதற் கேள்வி ஆயுள். உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு ஈராண்டுக்கு ஒரு முறை ஏப்ரல் மாதத்திலே வருகிறது. ஐந்தாண்டு ஆதரவு உண்டு. 2024 ஜூலையில் வெளியான லினக்ஸ் மின்டின் 22ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பல்கலைக்கழகப் படிப்பில் பாதியைத் தாண்டும்வரை அது போதும்.

இரண்டாம் கேள்வி, கணினியின் வலிமை. மின்டுக்குக் குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். 4 இருந்தால் வசதி. மின்டிலேயே சின்னமன், மேட், எக்ஸ்எப்சிஇ என்று மூன்று திரைத் தோற்றங்கள் உண்டு. அவற்றுள் எக்ஸ்எப்சிஇ இலேசானது. பழைய மாட்டுக்குச் சிறிய வண்டியைப் பூட்டுவதே தருமம்.

மூன்றாம் கேள்வி, வீட்டிலே என்ன வேலை நடக்கிறது என்பது. இணைய உலாவல், சூம் வகுப்பு, கடிதம், கணக்கு, பாட்டு, படம் என்ற அளவில் இருந்தால் லினக்ஸில் யாவும் உண்டு. பயர்பொக்ஸ், வி.எல்.சி., லிப்ரெ ஓபிஸ் ஆகியவை பெரும்பாலான வழங்கல்களில் எளிதாகக் கிடைக்கின்றன. தொழிலுக்காக அடோபியின் போட்டோஷொப்பையோ, விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்ட கணக்கியல் மென்பொருளையோ நம்பியிருப்பவர் மாற வேண்டாம் என்றே சொல்வேன். அல்லது ஒரே கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். மாணவர்க்கு மாற்றம் இலாபமே. உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்திலே வருகின்ற பைதன் மொழி மின்டிலே முன்னரே அமைந்திருக்கிறது.

நான்காவது, நம்மவர்க்கே உரிய சங்கடம். இலங்கைத் தமிழர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் பல்லாண்டுகளாகச் சேர்ந்த வினாத்தாள்களும் கடிதங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவிலேயே இருக்கின்றன. பாமினி, ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலே தமிழ் வடிவத்தை அமர்த்திய பழைய முறை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே கோப்பைத் திறந்தால், நமது செந்தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். லினக்ஸ் தமிழை அழித்துவிட்டது என்று அழாத குறையாக என்னிடம் வந்த ஆசிரியர்கள் உண்டு. அழிந்தது ஒன்றுமில்லை. விண்டோஸை நீக்குமுன் அந்த எழுத்துருக் கோப்பைப் பிரதி செய்துகொண்டு, லினக்ஸில் நிறுவினால் பழைய கோப்புகள் மீண்டும் தமிழ் பேசும். இனி எழுதுவதையேனும் யுனிகோட்டிலே எழுதுவது நன்று. தமிழுக்கென்று தனி எண்களை ஒதுக்கிய அம்முறையில் எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும். தட்டெழுத, ஐபஸ் என்ற கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும், நம் நாட்டுக்குரிய ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கின்றன.

ஐந்தாவது கேள்வியே தலையாயது என்பேன்: சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பீர்கள்? உங்கள் தெருவிலே உபுண்டு தெரிந்தவர் இருந்தால் உங்களுக்கு உபுண்டுவே சிறந்தது. மாமன் மகன் சோரின் வைத்திருந்தால் சோரினே சிறந்தது. மிகச் சிறந்த வழங்கல் எது என்று உலகம் முழுவதும் வாதாடலாம். இரவு எட்டு மணிக்கு அச்சுப்பொறி நின்றுவிட்டால் அந்த வாதம் உதவாது, பக்கத்து வீட்டுக்காரர்தாம் உதவுவார். அயலிலே கேரளத்துப் பாடசாலைகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கின்றன. அங்கே எல்லாப் பாடசாலைக்கும் ஒரே வழங்கல் என்பதனால், ஓர் ஆசிரியர் கண்ட தீர்வு மற்றவர்க்கும் பயன்படுகிறது. நான் பயன்படுத்துவது மின்ட். ஆகவே நண்பர் வீட்டுக்கும் மின்ட் பொருந்தும் என்று எண்ணினேன்.

ஆனால் எண்ணியதை உடனே செய்துவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது.

நான் லினக்ஸை அறிந்தது பேராதனையில் படித்து முடித்த சில ஆண்டுகளில். அந்நாளில் உபுண்டு நிறுவனத்தார் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகக் குறுந்தட்டுகளைத் தபாலிலே அனுப்பினார்கள். 2011இல் அத்திட்டம் நின்றது. கடல் கடந்து வந்த அவ்வுறையைப் பிரித்த நாள் தொடக்கம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலும் மேலும் கடினமான வழங்கல்களைத் தேடினேன். 2012ஆம் ஆண்டு, அக்காவின் கணினி மெதுவாக ஓடுகிறது என்றதும், அவளுக்கு எது இலகு என்று ஒரு கணமும் எண்ணாமல், என் திறமையைக் காட்டக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். நிறுவும்போது, ‘முழு வன்தட்டையும் அழிக்கவா’ என்று அது கேட்டது. வாசித்தும் வாசியாதவனாய் ‘ஆம்’ என்று அழுத்தினேன். அதற்கு முந்திய ஆண்டிலே காலமான அத்தானின் படங்கள் அத்தனையும் அந்தத் தட்டிலே இருந்தன. வேறு பிரதி இருக்கவில்லை.

அக்கா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “போனது போகட்டும், தம்பி” என்றாள். ஒரு மாதத்தில் வேறொருவரைக் கொண்டு பழையபடி விண்டோஸ் போட்டுக்கொண்டாள். என் பிழை ஒன்றன்று, இரண்டு. பிரதி எடுக்காதது ஒன்று. இருந்து வேலை செய்யப் போகிறவளை மறந்து, எனக்காக வழங்கலைத் தெரிந்தெடுத்தது மற்றொன்று.

ஆகையால் நண்பர் வீட்டிலே முதல் வேலையாக, கோப்புகள் எல்லாவற்றையும் வெளித் தட்டு ஒன்றிலே பிரதி செய்து, அத்தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். பாமினி எழுத்துருவும் அதிலே சேர்ந்தது. அடுத்து, இரவு நேரத் தரவுப் பொதியிலே மின்டையும் உபுண்டுவையும் அவற்றின் உரிய இடங்களிலிருந்தே இறக்கினேன்; மின்ட் ஏறக்குறைய 3 ஜிகாபைட். இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 2016 பெப்ரவரியிலே மின்டின் தளத்துக்குள் கயவர்கள் புகுந்து, களங்கம் சேர்த்த கோப்பை வைத்துவிட்டார்கள் என்பதை அறிந்தவர் இந்தச் சிறு சிரமத்தைத் தவிர்க்கமாட்டார்.

பிறகு அவற்றைப் பென்டிரைவ்களில் ஏற்றினேன். லினக்ஸின் பெருங்குணம் ஒன்று இங்கேதான் இருக்கிறது. வன்தட்டைத் தொடாமலே, பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்கலாம். கழற்றிவிட்டு மீளத் தொடக்கினால் பழைய விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். சேலைக்கடையிலே தோள்மேல் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது போன்றது இது. அவ்வாறு இயக்கி, கம்பியில்லா இணையம் கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, படக்கருவி தெரிகிறதா, அச்சுப்பொறி அசைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

தீர்ப்பை நான் சொல்லவில்லை. நண்பரின் மனைவியை அழைத்தேன். அவர் வீட்டிலே தையல் வேலை செய்து, அதன் வரவு செலவைக் கணினியிலே எழுதி வைப்பவர். “அக்கா, உங்கள் கணக்கைத் திறந்து, நேற்றுத் தைத்த சட்டையை எழுதுங்கள் பார்ப்போம்” என்றேன். உபுண்டுவிலே பட்டியல் இடப்பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. அவர் சுட்டியைக் கீழே கொண்டுபோய் எதையோ தேடினார். மின்டிலே பொத்தான் கீழே இடது மூலையில் இருந்தது, கேட்காமலே கண்டுபிடித்தார். கணக்கு லிப்ரெ ஓபிஸில் திறந்தது. கட்டங்கள் சற்று அகலமாகத் தெரிகின்றன என்றார். கூட்டுத்தொகை சரி என்றார். “இதுவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். நூறு வழங்கல்களுக்கு இடையே நடந்த போட்டி அவ்வளவில் முடிந்தது.

நிறுவும் வேலையை மாணவியே செய்தாள். ‘முழு வன்தட்டையும் அழிக்கவா’ என்ற கேள்வி வந்தபோது அவள் விரலை எடுத்துவிட்டு, “சேர், அலுமாரியில் இருக்கிற தட்டை இன்னொரு தரம் திறந்து பார்க்கட்டுமா?” என்றாள். எனக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. “பார், மகள். இரண்டு தரம் பார்” என்றேன். அவள் திறந்து பார்த்து, எண்ணி, பூட்டி வைத்துவிட்டு வந்துதான் அழுத்தினாள்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று பொய் சொல்லமாட்டேன். அவர்களுடைய பழைய அச்சுப்பொறி அச்சிடுகிறது. ஆனால் அதிலுள்ள வருடும் கருவி இன்னும் இணங்கவில்லை. அதற்குக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துச் சமாளிக்கிறார்கள். முதல் வாரம் மாணவி ஐந்து முறை மலை ஏறி வந்து சந்தேகம் கேட்டாள். இரண்டாம் வாரம் இரண்டு முறை. மூன்றாம் வாரம் வந்தபோது கேள்வி கேட்க வரவில்லை; வகுப்பிலே தன்னுடைய தோழி ஒருத்தியின் கணினியும் ‘செத்துவிட்டதாம்’, அந்தப் பென்டிரைவை இரவல் தர முடியுமா என்று கேட்க வந்தாள். கொடுத்தேன். கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டேன்: “முதலில் என்ன செய்வாய்?”

“பிரதி எடுப்பேன் சேர். பிறகு, அவளுடைய அம்மாவை உட்கார வைப்பேன்.”

அந்தப் பிள்ளைக்கு இனி நான் சொல்லிக் கொடுக்க வேண்டியது அதிகமில்லை. சென்ற வெள்ளிக்கிழமை கோயிலில் நண்பர் குடும்பத்தைக் கண்டேன். சங்கிலி அதற்குரிய கழுத்திலேயே இருந்தது.